விங் சுன்னின் மூன்றாவது ஃபார்ம் பியூ ஜி: அது எதற்காக?

விங் சுன் எனும் சீனத் தற்காப்புக் கலையில் முதல் இரண்டு ஃபார்ம்களையும் (வரிசையாகச் செய்து பழகும் அசைவுத் தொடர்களையும்) முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "பியூ ஜி முழுக்க உயிருக்கு ஆபத்தான அடிகள், அதனால்தான் கடைசியில் தருகிறோம் என்கிறார்கள். உண்மையா? உண்மை என்றால், அதில் கண்ணிலும் தொண்டையிலும் குத்துவதைவிட முழங்கையைச் சுழற்றுவதும் குனிந்து எழுவதும்தானே அதிகமாக இருக்கிறது?" கேள்வியின் இரண்டாவது பாதிதான் முக்கியம். கேட்டவர் பார்த்தது சரி. அதுவரை "செய்யாதே, செய்யாதே" என்று திருத்தப்பட்ட அசைவுகளையெல்லாம் இந்த ஃபார்ம் செய்யச் சொல்கிறது. ஏன் என்று புரிந்தால் மற்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

பியூ ஜியைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். முதல் ஃபார்மான சியூ நிம் டாவில் கால் நகராது. முழங்கால்கள் லேசாக உள்ளே மடங்கி, முதுகு நேராக, தோள் இறங்கி நிற்கும். அந்த நிலையில் முழங்கையை உள்ளே வைத்துக் கையை உடலின் நடுக்கோட்டில் முன்னே அனுப்பவும் திருப்பி எடுக்கவும் பழகுகிறோம். ஃபாக் சாவ் போலப் பக்கவாட்டில் போகும் ஓரிரு அசைவுகள் உண்டு. ஆனால் பாடம் முழுவதும் முழங்கையைப் பற்றியது. இரண்டாவது ஃபார்மான சும் கியூ அதே கைகளுக்கு இடுப்பையும் காலையும் சேர்க்கிறது: திரும்புவது, அடி வைப்பது, உதைப்பது, இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் வெவ்வேறு வேலை செய்வது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று கட்டுப்பாடுகள் கிடைக்கின்றன. முழங்கை தோள் உயரத்தைத் தாண்டாது. முழங்கையை உயர்த்தித் தடுக்கும் போங் சாவில்கூட அதுதான் எல்லை. எதிராளியின் கையைத் துரத்திக்கொண்டு நம் கை நடுக்கோட்டை விட்டுப் போகாது. இடுப்பு முன்னால் மடங்காது.

பியூ ஜி இந்த மூன்றையும் மீறுகிறது. க்வாய் ஜாங் எனும் அசைவில் முழங்கை தோளுக்கு மேலே ஏறிக் கவிழ்ந்து விழுகிறது. கைகள் நடுக்கோட்டைக் குறுக்கே கடந்து மேலும் கீழுமாகப் பெருக்குகின்றன. இரண்டு கைகளும் சேர்ந்து ஒரே பக்கமாகப் பிடித்து இழுக்கின்றன. கடைசியில் இடுப்பை மடக்கி மூன்று முறை குனிந்து எழ வேண்டியிருக்கிறது. ஒரு கலை தன் அடிப்படைகளைத் தானே மீறினால் இரண்டு விளக்கங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, இவ்வளவு நாள் கற்பித்தது பாதிப் பொய். இல்லையென்றால், அந்த அடிப்படைகள் ஏற்கெனவே குலைந்துபோன நிலையில் என்ன செய்வது என்பதை இந்த ஃபார்ம் கற்பிக்கிறது. இரண்டாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. முழங்கை மேலே ஏறுவதற்குக் காரணம், கீழே இருக்கும் கையை ஒருவன் அமுக்கிவிட்டான் என்பது. கை நடுக்கோட்டை விட்டு விலகிப் பெருக்குவதற்குக் காரணம், நடுக்கோடு ஏற்கெனவே பறிபோய்விட்டது என்பது. ஹாங்காங்கில் 1950களில் மற்றப் பள்ளிகளோடு நடந்த நேரடிச் சண்டைகளுக்குப் பேர்போன வோங் ஷுன் லியூங், அங்கே விங் சுன்னைப் பரப்பிய ஆசிரியர் இப் மேனின் மூத்த மாணவர்களில் ஒருவர். அவரும் பியூ ஜியை இப்படித்தான், அவசர நிலையிலிருந்து மீள்வதற்கான ஃபார்ம் என்றுதான், கற்பித்தார்.

க்வாய் ஜாங்கையே கிட்டத்தில் பார்ப்போம். சீ சாவ் பயிற்சியில், அதாவது இருவர் முன்கைகளை ஒட்டிவைத்துச் சுழற்றும்போது, எதிராளி உங்கள் இடது கையைக் குறுக்கே தள்ளி வலது கையின் மேல் போட்டு, ஒரே உள்ளங்கையால் இரண்டையும் உங்கள் மார்போடு சேர்த்து அமுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இன்னொரு கை குத்தக் காத்திருக்கிறது. முதல் இரண்டு ஃபார்ம் மட்டும் பழகியவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார். மணிக்கட்டைப் பின்னால் இழுப்பார். அப்போது எதிராளியின் கையும் கூடவே உள்ளே வந்து மூக்கில் முடியும். இல்லையென்றால் அமுக்கும் இடத்திலேயே எதிர்த்துத் தள்ளுவார். அங்கே பலசாலிக்குத்தான் வெற்றி. பியூ ஜியின் வழி வேறு. அமுக்கப்பட்டிருப்பது மணிக்கட்டும் முன்கையும்தான். முழங்கை இன்னும் சுதந்திரமாக இருக்கிறது. மணிக்கட்டை அவரிடமே விட்டுவிட்டு, வலப்பக்கம் திரும்பியபடியே இடது முழங்கை மேலே ஏறி அவருடைய முன்கைக்கு மேலாகக் கவிழ்ந்து இறங்க வேண்டும். திரும்பும் உடலின் எடை அதில் இருக்கும். அவருடைய கை கீழே போகும். அல்லது நெருக்கம் போதுமென்றால் முழங்கை அவருடைய மார்பிலேயே விழும். அந்த நொடியில் கீழே மாட்டியிருந்த வலது கைக்கு வழி கிடைக்கிறது. அது இடது முழங்கைக்கு அடியிலிருந்து, முன்கையை உரசிக்கொண்டு, நேராக முன்னே பாய்கிறது. ஃபார்மில் முழங்கைக்குப் பின் பியூ சாவ் எனும் விரல் குத்து உடனே வருவதற்குக் காரணம் இதுதான். விரல் குத்து அங்கே தனி ஆயுதமாக வரவில்லை. இழந்த நடுக்கோட்டைத் திரும்பப் பிடிக்கும் கை அது. போகும் வழியில் தொண்டையோ கண்ணோ இருந்தால் படும்.

இதில் தவறுகள் எங்கே வருகின்றன என்றால், முதலாவது, முழங்கையை முதலில் தூக்கிவிட்டுப் பிறகு திரும்புவது. அரை நொடிக்கு விலா முழுக்கத் திறந்துவிடும். எதிரே இருப்பவர் ஒரு உள்ளங்கை அடியில் முடித்துவிடுவார். திரும்பலும் முழங்கையும் ஒன்றாகத் தொடங்க வேண்டும், ஒன்றாக முடிய வேண்டும். இரண்டாவது, முழங்கையைத் தாய் பாக்ஸிங்கில் வருவதுபோலக் கிடைமட்டமாக வீசுவது. அதுவும் நல்ல அடிதான், ஆனால் க்வாய் ஜாங்கின் வேலையைச் செய்யாது. அமுக்கும் கையின் மேலே ஏறிக் கீழ்நோக்கி விழுந்தால்தான் அந்தக் கை அகலும். மூன்றாவது, தோளைக் காதுவரை ஏற்றி, கூடவே தலையையும் சாய்ப்பது. தோள் ஏறினால் முழங்கையில் உடலின் எடை வராது, வெறும் தோள்பட்டைத் தசைதான் வேலை செய்யும். நான்காவது கண்ணுக்கு எளிதில் தெரியாது: இரண்டாவது கை முழங்கைக்கு அடியிலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வருவது. அப்படி வந்தால் கைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று தடையாகி, எதிராளி மறுபடியும் அதே இடத்தில் அமுக்கிவிடுவார். இன்னொன்று உடல்நலம் சார்ந்தது. ரப்பர் பாயில் வெறுங்காலோடு திரும்பும்போது பாதம் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் மட்டும் திருகும். சில பள்ளிகள் குதிகாலில் திரும்பும், சில நடுப்பாதத்தில் திரும்பும். எதுவானாலும் பாதமும் முழங்காலும் ஒரே திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

பயிற்சியில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். அமுக்கம் இல்லாதபோது க்வாய் ஜாங் செய்யக் கூடாது. எதிராளி நிஜமாக எடை போட்டு அமுக்கினால்தான் முழங்கை மேலே ஏறுவதில் அர்த்தம் உண்டு. அவர் சும்மா கையை வைத்திருந்தால், நேராகக் குத்துவதுதான் சரியான பதில். ஆகவே ஜோடியாகப் பழகும்போது, அமுக்குபவர் பத்தில் சில முறை வேண்டுமென்றே அமுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அப்போதும் முழங்கையைத் தூக்குபவர் அசைவைத்தான் கற்றிருக்கிறார், அது எப்போது தேவை என்பதைக் கற்கவில்லை.

இனி விரல்கள். ஃபார்மின் தொடக்கத்தில் கையை நீட்டி, விரல்களை மேலும் கீழும், பிறகு இடமும் வலமுமாக, வழக்கமாக மும்மூன்று முறை சுண்டும் பகுதி வருகிறது. பலர் இதை விரல் குத்துக்கான ஒத்திகை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே வேலை செய்வது மணிக்கட்டு. நீட்டிய கையில், முழங்கையும் தோளும் அசையாமல், சக்தியை மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிவரை கொண்டுசெல்லும் பயிற்சி அது. முன்கை முழுவதையும் ஆட்டினால் எந்தப் பயனும் இல்லை. முழங்கையை விறைத்துப் பூட்டிவிட்டு உதறினால் மூட்டு வலிதான் மிஞ்சும். நீட்டிய பிறகும் முழங்கையில் மயிரிழை மடிப்பு இருக்க வேண்டும். மணிக்கட்டின் இந்தத் தனி அசைவு கைவந்தால், எதிராளி முன்கையைத் தடுத்த பிறகும் கை அவருடைய தடையைச் சுற்றி முன்னேறும். முதல் இரண்டு ஃபார்ம்களில் சக்தி முழங்கையிலிருந்து வருவதாகப் பழகுகிறோம். முழங்கையே மாட்டிக்கொண்டால் மிச்சம் இருப்பது மணிக்கட்டு. அதையும் தயார் செய்து வைக்கிறது இந்த ஃபார்ம்.

விரல் குத்தின் புகழுக்குப் பெரிய காரணம் புருஸ் லீ. இப் மேனிடம் பயின்று, 1959-ல் அமெரிக்கா போன அவர், பின்னாளில் தான் உருவாக்கிய ஜீத் குன் டோ எனும் முறையில் கண்ணை நோக்கிய விரல் குத்தை முக்கிய ஆயுதங்களில் ஒன்றாக வைத்தார். எட்டும் தூரம் அதிகம், வேகமும் அதிகம், பெரிய பலம் தேவையில்லை. அவருடைய தர்க்கம் நியாயமானதே. ஆனால் அது அவருடைய முறை. அதைக் கொண்டு பியூ ஜி முழுவதும் கண்ணைக் குத்துவது என்று முடிவுகட்டக் கூடாது. விரலை உறுதியாக்கப் பருப்பிலும் மணலிலும் சுவர்ப் பையிலும் குத்தச் சொல்பவர்களும் உண்டு. சுவர்ப் பை முஷ்டிக்கும் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் உரியது. விரல் நுனியால் கடினமான பரப்பைக் குத்தினால் நுனி மூட்டை நிமிர்த்தும் தசைநாண் அறுந்து, விரல் நுனி தொங்கிப்போகும். அப்புறம் 6 முதல் 8 வாரம் கட்டுப் போட்டபடியே இருக்க வேண்டும். ஒரு தாளை நூலில் தொங்கவிட்டு, நான்கு விரல்களையும் சேர்த்து, நடுவிரலைச் சற்றே மடக்கி நுனிகளைச் சமமாக்கி, கட்டைவிரலை உள்ளே ஒடுக்கிக் குத்திப் பழகினால் போதும். தூரமும் நேர்க்கோடும்தான் அங்கே பழக வேண்டியவை. ஜோடிப் பயிற்சியில் அதே அசைவைத் திறந்த உள்ளங்கையாக்கி, மேல் மார்பில் வையுங்கள். முகத்தருகே விரலைக் கொண்டுபோகும் எந்தப் பயிற்சியையும் கண்ணைக் காக்கும் கவசம் இல்லாமல் செய்யக் கூடாது.

ஃபார்மின் மற்றப் பகுதிகளையும் இதே கண்ணோடு பார்த்தால் அவை விளங்கும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே எனக் குறுக்காகத் திரும்பும் கான் சாவ், எங்கே அடி வருகிறது என்று தெரியாதபோது இரண்டு உயரத்தையும் ஒரே சமயத்தில் மூடுகிறது. இதே கைகள், மரக்கைகள் பொருத்திய கம்பத்தில் செய்யும் மரப்பொம்மைப் பயிற்சியிலும் வருகின்றன. கீழே இழுக்கப்பட்ட கை அப்படியே கீழிருந்து வளைந்து ஏறி, எதிராளியின் கையைத் தேடி முன்னே நீளும் மான் சாவ், லாப் சாவால் இழுபட்டவருக்கான பதில். இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துத் திரும்பி, கொக்கிபோல வளைந்து வரும் குத்து, நேர்க்குத்துக்கு இடம் இல்லாதபடி பக்கவாட்டில் மாட்டிக்கொண்டவருக்கானது. நேர்க்குத்தே எல்லாம் என்று சொல்லும் விங் சுன்னில் வளைந்த குத்து இங்கேதான் தலைகாட்டுகிறது.

கடைசியில் வரும் மூன்று குனிதல்களைப் பலர் வணக்கம் என்று நினைத்து அலட்சியமாகச் செய்கிறார்கள். தலையையோ கழுத்தையோ பிடித்துக் கீழே இழுத்துவிட்டால், அல்லது தடுமாறி முன்னால் கவிழ்ந்துவிட்டால், நிமிரும்போதுதான் முகம் மிகவும் ஆபத்தில் இருக்கும். ஆகவே முதலில் கைகள் மேலே போக வேண்டும், அவற்றுக்குப் பின்னால்தான் தலை எழ வேண்டும். நூறு பேர் செய்வதைப் பார்த்தால் பெரும்பாலானோர் தலையை முதலில் தூக்கிவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுவருவதைக் காணலாம். அப்படிச் செய்தால் அந்தப் பகுதி வெறும் உடற்பயிற்சியாகிவிடுகிறது. உடலைத் தளர்த்தி முடிப்பதற்காக வைக்கப்பட்டது என்றும் சிலர் சொல்கிறார்கள். மறுக்க மாட்டேன், ஆனால் அதற்காக மட்டும் இந்தக் கலை தன் முதுகெலும்பு விதியை மீறியிருக்கும் என்று நம்ப முடியவில்லை.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது கருத்து என்று பிரித்துவிடுகிறேன். அசைவுகள் முதல் இரண்டு ஃபார்ம்களின் கட்டுப்பாடுகளை மீறுகின்றன என்பது யாரும் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. அவை அமுக்கத்தில் வேலை செய்கின்றன என்பதையும் ஜோடியோடு சோதிக்கலாம். "ஃபார்மை அமைத்தவர் இதைத்தான் நினைத்தார்" என்பது மட்டும் ஊகம். அமைத்தவர் யார் என்பதற்கே அக்காலத்து ஆவணம் இல்லை. ங் முய் என்ற பௌத்தத் துறவி, யிம் விங் சுன் என்ற பெண், எரிக்கப்பட்ட ஷாவோலின் மடம் ஆகிய கதைகள் வாய்வழி மரபு. ஃபோஷானில் மருத்துவம் பார்த்த லியூங் ஜான், அவருடைய மாணவர் சான் வா ஷுன், அவரிடம் சிறுவயதில் சேர்ந்த இப் மேன் (1893–1972) என்று வரும்போதுதான் நிலம் உறுதியாகிறது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லியூங் ஜான் முதுமையில் சொந்த ஊரான குலாவில் கற்பித்ததாகச் சொல்லப்படும் கிளையில் இந்த மூன்று நீண்ட ஃபார்ம்களே இல்லை. சிறுசிறு துண்டுகளாகத்தான் பழகுகிறார்கள். ஆகவே மூன்றாகப் பிரித்து அடுக்கியது ஒரு கற்பித்தல் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் பியூ ஜிக்குக் கொடுக்கப்பட்ட இடத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கிளைக்குக் கிளை அசைவுகளின் எண்ணிக்கையும் மாறும். திரும்பும்போது எடையை இரு காலிலும் சமமாக வைப்பவர்கள் உண்டு, முழு எடையையும் பின்காலில் போடுபவர்கள் உண்டு. முழங்கைப் பகுதியில் காலை வட்டமாகச் சுற்றி வைப்பவர்கள் உண்டு, நின்ற இடத்திலேயே திரும்புபவர்கள் உண்டு. பியூ ஜியை நீண்ட தூரத்துக்கும் வெடிக்கும் சக்திக்குமான பயிற்சியாகவே பார்க்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். முழு உடலும் ஒரே நொடியில் விரல் நுனிக்குப் போகும் வேகம் இந்த ஃபார்மில் வளர்கிறது என்பது உண்மைதான், அதை ஏற்கிறேன். ஆனால் சக்திப் பயிற்சி மட்டும்தான் நோக்கம் என்றால், நடுக்கோட்டை விட்டுப்போகும் கைகளுக்கும் குனிதலுக்கும் அவர்களிடம் விளக்கம் இருப்பதில்லை.

ரகசியம் பற்றி. "பியூ ஜி வாசலைத் தாண்டாது" என்று ஒரு பழைய சொல் வழக்கில் இருக்கிறது; வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பதே அதன் வழக்கமான பொருள். 1972-ல், இறப்பதற்குச் சற்று முன், இப் மேனைப் படம்பிடித்தார்கள். அதில் சியூ நிம் டாவ், சும் கியூ, மரப்பொம்மை மூன்றும் இருக்கின்றன. பியூ ஜி இல்லை. அது ரகசியத்துக்காகவா, உடல் இடம் கொடுக்காததாலா என்று இரு தரப்பும் வாதிடுகின்றன. இன்று பல கிளைகளின் பியூ ஜியும் வீடியோவாகக் கிடைக்கிறது. ரகசியம் போய்விட்டது, ஆனால் கடைசியில் கற்க வேண்டிய காரணம் அப்படியே இருக்கிறது. முழங்கை உள்ளே நிற்கப் பழகாதவருக்கு முழங்கையைத் தூக்கக் கற்றுத் தந்தால், சிறு நெருக்கடியிலும் தூக்கிவிடுவார். சீ சாவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: சீக்கிரமே பியூ ஜிக்குப் போனவரின் முழங்கை மிதக்கும், விலா எப்போதும் திறந்திருக்கும். அவசரத்துக்கான பதிலே அவருக்கு முதல் பதிலாகிவிடுகிறது.

நீங்கள் தயாரா என்பதை வருடக் கணக்கில் அளக்காதீர்கள். மூன்றைச் சோதியுங்கள். டான் சாவில், அதாவது உள்ளங்கை மேலே பார்க்கும்படி, கையை நீட்டியிருக்கும்போது ஒருவர் உங்கள் முன்கையைப் படிப்படியாக எடை கூட்டித் தள்ளட்டும். தோள் ஏறாமல், முதுகு பின்னால் சாயாமல் நிற்க முடிகிறதா? இடமும் வலமும் மாறி மாறித் திரும்பும்போது தலை மேலும் கீழும் ஆடாமல் இருக்கிறதா? சீ சாவில் எதிராளி திடீரென்று கையை எடுத்தால், நீங்கள் யோசிக்காமலே உங்கள் கை நேராக முன்னே போகிறதா? மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்த முன்னோக்கிய அழுத்தம் இல்லையென்றால் க்வாய் ஜாங்குக்குப் பிறகு வரும் பியூ சாவ் தானாகப் பாயாது; அங்கே நின்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். கண்ணையும் தொண்டையையும் குறிவைக்கும் அடிகளை முழு வேகத்தில் யாராலும் பாதுகாப்பாகச் சோதிக்க முடியாது. "என் பியூ ஜி தெருவில் வேலை செய்யும்" என்று எவர் சொன்னாலும் அந்தப் பகுதி நம்பிக்கைதான். ஆனால் மீள்வதைச் சோதிக்கலாம்: அமுக்கத்திலிருந்து வெளியேறுவது, நடுக்கோட்டைத் திரும்பப் பிடிப்பது, குனிந்த நிலையிலிருந்து முகத்தை மறைத்து எழுவது, எல்லாவற்றையும் முழு எதிர்ப்போடு, கையுறையும் தலைக்கவசமும் போட்டுச் செய்து பார்க்கலாம். உங்கள் கிளாஸில் இதைச் செய்கிறார்களா என்று பாருங்கள்.

வீட்டில் பழகும்போது முதலில் சியூ நிம் டாவை மெதுவாக ஒரு முறை முழுக்கச் செய்யுங்கள். பிறகு பியூ ஜியின் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்து, இரு பக்கமும் சமமாக, முதலில் வேகம் இல்லாமல் செய்யுங்கள். திரும்பலும் முழங்கையும் ஒன்றாக முடிகின்றனவா என்று கண்ணாடியில் பார்த்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். முழங்கை மூட்டின் உட்புறத்திலோ தோளின் முன்பக்கத்திலோ வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, அடுத்த முறை பாதி வேகத்திலிருந்து தொடங்குங்கள்.